நேபிள்ஸில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: சொந்த ஏற்பாட்டில் ஊர் சுற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மத்தியதரைக் கடல் க்ரூஸ்களில் மேற்குப் பக்கம் போகிறவற்றில் பலவும் இத்தாலியின் நேபிள்ஸில் ஒரு பகல் நிற்கும். காலையில் கரைக்கு வந்து சாயங்காலம் கிளம்பிவிடும். அந்த நேரத்துக்குள் பொம்பெய் பார்ப்பதா, கடற்கரை ஊர்களுக்குப் போவதா, காரா, ரயிலா, கப்பல் கம்பெனி விற்கும் டூரா, இப்படி ஆயிரம் குழப்பம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன். என் அபிப்பிராயங்களும் ஊடே வரும், பிடிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

கப்பலிலேயே டூர் விற்கிறார்களே, எதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்?

மெனக்கெட்டே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் கப்பல் டூர் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். காலையில் கப்பலின் தியேட்டரில் உட்கார வைப்பார்கள், சட்டையில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், உங்கள் நம்பரைக் கூப்பிடும் வரை காத்திருந்து நாற்பது ஐம்பது பேரோடு ஒரு பஸ்ஸில் ஏற வேண்டும், அப்புறம் போகிற இடத்தில் எல்லாம் கழிவறைக்குப் போன இரண்டு பேருக்காக மற்ற எல்லாரும் வெயிலில் நிற்க வேண்டும். நடுவில் ஒரு கடை நிறுத்தமும் இருக்கும். நேபிள்ஸ் பக்கம் அது பெரும்பாலும் டோரே டெல் கிரேகோவில் சங்கிலும் பவளத்திலும் உருவம் செதுக்கி விற்கும் பட்டறையாக இருக்கும்.

தனியாகப் போனால் உங்கள் வீட்டு ஆட்கள் மட்டும், உங்கள் வேகம், உங்களுக்குச் சலித்தால் கிளம்பலாம், பிடித்தால் இன்னும் அரை மணி நேரம் நிற்கலாம். நான்கு பேருக்கு மேல் இருந்தால் செலவும் அநேகமாகக் கப்பல் டூருக்குக் கீழேதான் வரும், ஏனென்றால் அவர்கள் வாங்குவது தலைக்கு இவ்வளவு, கார்க்காரர் வாங்குவது வண்டிக்கு இவ்வளவு. இரண்டே பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல நேரம் கார் விலை கூடுதலாகத்தான் இருக்கும். அப்போது ரயில் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

தாமதமானால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமா?

போய்விடும். கப்பல் தன் டூரில் போன பஸ்ஸுக்காகக் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. இந்தப் பயத்தைக் காட்டித்தான் பாதி டூர்களை விற்கிறார்கள் என்பதும் உண்மை. நேபிள்ஸில் இந்த ஆபத்தைக் கையாள முடியும், ஏனென்றால் பொம்பெய் துறைமுகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான், ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி இருக்கிறது.

கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது, கப்பல் கிளம்பும் நேரமும் எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரமும் வேறு வேறு. ஆல் அபோர்ட் என்று கப்பலின் தினசரி அறிக்கையில் போட்டிருக்கும் நேரம் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் இருக்கலாம், ஒரு மணி நேரம் முன்னாலும் இருக்கலாம். இரண்டாவது, கப்பல் எந்த நேரத்தை வைத்து ஓடுகிறது என்பது. கிரீஸுக்கும் இத்தாலிக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு, உங்கள் போன் கரையில் இருக்கும் டவரைப் பிடித்துத் தானாக மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றியதா இல்லையா என்று இறங்கும்போது வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் விட எளிது.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை: அடுத்த துறைமுகம் எது? மறுநாள் காலை ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா என்றால் கப்பலை விட்டாலும் ரயில் ஏறிப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். மெசினா என்றால்கூட ரயில் உண்டு, ஜலசந்தியில் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றிச் சிசிலிக்குக் கொண்டு போகிறார்கள். மறுநாள் முழுக்கக் கடல், அதற்கடுத்த நாள் கிரேக்கத் தீவு என்றால் விமானம்தான், பர்ஸும் காலிதான். அப்படிப்பட்ட பயணத் திட்டத்தில் நேபிள்ஸில் துணிச்சல் காட்ட வேண்டாம். கப்பல் கம்பெனிக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு ஏஜென்ட் இருப்பார், அவர் நம்பர் தினசரி அறிக்கையிலோ ஆப்பிலோ இருக்கும். இறங்குவதற்கு முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உண்மையில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கும்?

உதாரணத்துக்குக் கப்பல் காலை 7 மணிக்கு வருகிறது, சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினொரு மணி நேரம் மாதிரி தெரியும். கட்டி முடித்து, அனுமதி வாங்கி, ஆட்களை இறக்க ஆரம்பிக்க ஏழரை ஆகும். நீங்கள் காலைச் சாப்பாட்டை முடித்து வெளியே வர எட்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஏறியிருக்க வேண்டும். நான் சொல்வது, நான்கு மணிக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருங்கள். ஆக எட்டு மணி நேரம், அதில் போக்குவரத்து இரண்டு, சாப்பாடு ஒன்று. மீதி ஐந்து. ஐந்து மணி நேரத்தில் ஒரு இடத்தை நன்றாகப் பார்க்கலாம், இரண்டு இடத்தைப் பரவாயில்லாமல் பார்க்கலாம்.

தூரமான இடத்தை முதலில் முடியுங்கள், கப்பலுக்குப் பக்கத்து இடத்தைக் கடைசியில் வையுங்கள். நேபிள்ஸ் இதற்கென்றே அமைந்த ஊர், கப்பல் நிற்கும் ஸ்டாசியோனே மரித்திமாவிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்தாலே கோட்டையும் பழைய ஊரும் வந்துவிடுகின்றன. கடைசி இரண்டு மணி நேரத்தை நடந்தே கப்பலுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில் கழித்தால் மனதில் பதற்றமே இருக்காது.

பொம்பெய், சொரெண்டோ, பொசிடானோ, அமால்ஃபி நான்கையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார்களே?

காட்டுவார்கள். கார் ஜன்னல் வழியாக.

இது நேபிள்ஸில் தனி டூர் விற்பவர்களின் பிரபலமான பேக்கேஜ். அமால்ஃபி கடற்கரைக்கு இருப்பது மலையின் இடுப்பில் வெட்டிய ஒரே ரோடு, எஸ்எஸ் 163. பல இடங்களில் ஒரு பஸ் வந்தால் எதிரே வரும் கார் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். கோடையில் வார இறுதியில் தனியார் கார்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பார்த்து விடும் கட்டுப்பாடுகூட வைத்திருக்கிறார்கள் என்றால் நெரிசலை நினைத்துப் பாருங்கள். பொசிடானோவில் நாற்பது நிமிடம், அமால்ஃபியில் நாற்பது நிமிடம், பொம்பெயில் ஒன்றரை மணி நேரம் என்று கிடைக்கும், மீதி எல்லாம் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். குழந்தைகளுக்கு வாந்தி மாத்திரை இல்லாமல் அந்த ரோட்டில் ஏறாதீர்கள்.

கடற்கரைதான் வேண்டும் என்றால் பொம்பெயை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு மட்டும் போங்கள், அதுவும் ஏப்ரல், அக்டோபர் மாதிரி மாதங்களில். ஜூலை, ஆகஸ்டில் அமால்ஃபி வரை போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தால் அந்த ஒரு நாளுக்குக் கப்பல் டூரையே எடுங்கள், ரோடு அடைத்தாலும் கப்பல் காத்திருக்கும். இல்லை, இரண்டும் கொஞ்சம் வேண்டும் என்றால் பொம்பெயும் சொரெண்டோவும் சேரும். சொரெண்டோவுக்கு ரயிலும் உண்டு, நேபிள்ஸுக்குப் படகும் உண்டு, கார் மாட்டிக்கொண்டாலும் தப்பிக்கலாம்.

பொம்பெயா, ஹெர்குலேனியமா?

இரண்டும் பழைய ரோமானிய ஊர்கள், இரண்டையும் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்தது, ஆனால் புதைத்த விதம் வேறு. பொம்பெய் மேல் சாம்பலும் நுரைக்கல்லும் மழையாகக் கொட்டிக் கூரைகளை இடித்தன. ஹெர்குலேனியத்தைக் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம் வந்து சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு மூடியது, அதனால் அங்கே மாடி வீடுகள் நிற்கின்றன, கரியாகிப்போன மரக் கதவு, கட்டில், உத்தரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடலோரப் படகுக் கொட்டகைகளில் ஒண்டிக்கொண்டு இறந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்த இடத்தையும் பார்க்கலாம்.

பொம்பெய் ஒரு முழு நகரம், சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படாமலே கிடக்கிறது. நடந்து தீராது. வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்கள் விழுந்த கல் ரோடு, சாக்கடைத் தண்ணீரில் கால் படாமல் கடக்க நடுவில் போட்ட பெரிய கற்கள், தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகளின் பானை பதித்த மேடைகள், வெளியே நாய் ஜாக்கிரதை என்று தரையில் பதித்த வீடு. 1863இல் ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் சாம்பலுக்குள் உடல் மட்கிப்போன வெற்றிடங்களில் ஜிப்சம் சாந்தை ஊற்றி எடுத்த உருவங்களும் அங்கேதான். முதல் தடவை வருகிறவர்கள் பொம்பெயைப் பார்க்காமல் போக மனசு வராது, சரி, போங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், வயதானவர்களோடு, அல்லது ஆகஸ்ட் வெயிலில், அல்லது கையில் நேரம் குறைவாக இருக்கும்போது ஹெர்குலேனியம்தான் மேல். இரண்டு மணி நேரத்தில் நிறைவாகப் பார்த்துவிடலாம், கூட்டம் குறைவு, ஊருக்கும் பக்கம்.

டிக்கெட் முன்னாலேயே வாங்க வேண்டுமா?

பொம்பெய்க்கு ஆமாம். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, டிக்கெட்டிலும் பெயர் போட்டுத்தான் தருகிறார்கள். கோடையில் காலைக்கு இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு என்று பிரித்தும் விடுகிறார்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு பக்கம், நம் பெயர் ஒரு பக்கம் என்று கிடக்கும், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே அடியுங்கள்.

விலை 20 யூரோவை ஒட்டி இருக்கும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஊருக்கு வெளியே இருக்கும் வில்லாக்களும் சேரும். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம், ஆனாலும் அவர்கள் பெயரிலும் ஒரு இலவச டிக்கெட் எடுக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அன்று ஊரே அங்கேதான் நிற்கும், உங்கள் கப்பல் அந்த ஞாயிறு வந்தால் வேறு இடம் யோசியுங்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், மற்ற மாதங்களில் 5 மணிக்கே மூடிவிடுவார்கள். பெரிய பை உள்ளே விடமாட்டார்கள், 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்புறம் நுழைந்த வாசலுக்கே திரும்பி வர வேண்டியதாகிவிடும், அதனால் சின்னப் பையோடு போங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று போதும், உள்ளே தெருக் குழாய்களில் நல்ல தண்ணீர் வருகிறது.

டிரைவரே எல்லாம் சொல்லிவிடுவாரே, தனியாக கைடு எதற்கு?

டிரைவர் காரில் பேசலாம், இடிபாடுகளுக்குள் கைடு வேலை செய்யக் கூடாது. இத்தாலியில் கைடுக்கு அரசு உரிமம் தனி. டூர் விளம்பரத்தில் ‘ஆங்கிலம் பேசும் டிரைவர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அவர் உங்களைப் பொம்பெய் வாசலில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் காபி குடிக்கப் போய்விடுவார் என்று அர்த்தம். அது ஏமாற்று இல்லை, சட்டம் அப்படி.

கைடு வேண்டுமா என்றால், பொம்பெய்க்கு வேண்டும் என்பேன். எழுதி வைத்த பலகைகள் குறைவு, எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரிந்த ஒருவர் கூட இருந்தால்தான் அந்தக் கல் குவியல் ஊராக மாறும். செலவு கூடுகிறது என்றால் காரை விட்டுவிட்டு ரயிலில் போய் அந்தக் காசில் கைடு வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்குலேனியத்துக்கு ஆடியோ கைடு போதும்.

ரயிலில் போக முடியுமா? பயமாக இருக்கிறது.

தாராளமாகப் போகலாம். துறைமுகத்துக்கு எதிரே முனிசிபியோ மெட்ரோ நிலையம், அங்கிருந்து 1ஆம் எண் லைனில் காரிபால்டி. காரிபால்டியில் இறங்கினால் சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில். சொரெண்டோ போகும் வண்டியில் ஏறி, ஹெர்குலேனியத்துக்கு எர்கொலானோ ஸ்காவி என்ற நிலையத்தில் இறங்குங்கள், சுமார் 20 நிமிடம். பொம்பெய்க்குப் பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி, 35 முதல் 40 நிமிடம், இறங்கினால் எதிரிலேயே போர்த்தா மரீனா வாசல். பொம்பெய் என்று பெயர் உள்ள வேறு நிலையங்களும் உண்டு, அவை இன்றைய ஊருக்குள் இருக்கின்றன, அங்கே இறங்கினால் ஆம்பி தியேட்டர் பக்கத்து வாசலுக்கு நடக்க வேண்டும். பெயரை முழுசாகப் படித்துவிட்டு இறங்குங்கள்.

ரயில் பழசு, கூட்டம் அதிகம், பல பெட்டிகளில் ஏசி கிடையாது, பிக்பாக்கெட் உண்டு. பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், போனைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். உட்கார இடம் வேண்டும் என்றால் காரிபால்டிக்கு ஒரு நிலையம் முன்னால், ரயில் கிளம்பும் இடமான போர்த்தா நோலானாவுக்குப் போய் ஏறுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று காம்பானியா எக்ஸ்பிரஸ் என்று ஒன்று சீசனில் ஓடுகிறது, விலை கூடுதல், நிறுத்தம் குறைவு, உட்கார்ந்து போகலாம்.

ஷோபெரோ என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேலைநிறுத்தம். இத்தாலியில் அதை முன்கூட்டியே தேதி போட்டு அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள், முதல் நாள் இரவு தேடிப் பாருங்கள். அதே சமயம் துறைமுக வாசலில் ‘இன்று ரயில் ஓடவில்லை’ என்று அக்கறையோடு சொல்லும் ஆளை நம்ப வேண்டாம், அவரிடம் கார் இருக்கும்.

டாக்சி?

நேபிள்ஸ் நகராட்சி துறைமுகத்திலிருந்து முக்கியமான இடங்களுக்கு நிர்ணயித்த கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறது, பொம்பெய் போய் இரண்டு மணி நேரம் நின்று திரும்புவதற்கும் அதில் விலை உண்டு. வெள்ளை நிற அதிகாரபூர்வ டாக்சியில் ஏறும்போதே ‘தரிஃபா ப்ரெதெதெர்மினாதா’ என்று கேட்டுவிட வேண்டும், வண்டி நகர்ந்த பிறகு கேட்டால் மீட்டர்தான். முன்பதிவு எதுவும் செய்யாமல் வந்து இறங்கிவிட்டவர்களுக்கு இது நல்ல வழி.

கார் புக் செய்யும்போது என்ன கேட்க வேண்டும்?

எல்லாவற்றையும் எழுத்தில். மொத்தத் தொகையில் டோல், பார்க்கிங், வரி எல்லாம் அடக்கமா, நுழைவுச் சீட்டும் கைடும் தனியா, எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு. டிரைவர் எந்த இடத்தில், என்ன பெயர்ப் பலகையோடு நிற்பார், அவருடைய வாட்ஸ்ஆப் நம்பர் என்ன. வண்டி வாடகைக் கார் உரிமம் உள்ளதா (அங்கே அதை என்சிசி என்பார்கள்). கப்பலின் பெயரைக் கொடுங்கள், அவர்கள் வரும் நேரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இத்தாலியில் தனி இருக்கை கட்டாயம், வயதையும் எடையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மிக முக்கியம்: கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போய்விட்டால் காசு திரும்பி வருமா? கப்பலுக்கு வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் நல்ல கம்பெனிகள் முழுசாகத் திருப்பித் தருவதாகத் தெளிவாக எழுதியே போடுவார்கள், பலர் முன்பணமே வாங்குவதில்லை. மொத்தத்தையும் முன்னால் கட்டு, எக்காரணத்துக்கும் திருப்பித் தரமாட்டோம் என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கடைகளுக்குக் கூட்டிப் போக வேண்டாம், சாப்பாட்டுக் கடையை நாங்களே முடிவு செய்கிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கப்பலில் வரும் மற்றவர்களோடு சேர்ந்து வேன் எடுக்கலாமா?

எடுக்கலாம், எட்டுப் பேர் வரை ஒரு வேனில் போகலாம், தலைக்கு விலை சரசரவென்று இறங்கும். ஆனால் புக் செய்தவர் தலையில்தான் எல்லாம் விழும், யாராவது அன்று காலை வரவில்லை என்றால் அந்தப் பங்கை யார் தருவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பணத்தைக் கப்பலில் ஏறிய முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. முன்பின் தெரியாத எட்டுப் பேரில் ஒருவராவது கடைத்தெருவை விட்டு நகர மாட்டார், அதற்கும் தயாராக இருங்கள்.

கேப்ரி தீவு?

மோலோ பெவெரெல்லோ என்ற படகுத் துறை கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேகப் படகில் சுமார் 50 நிமிடம். அழகான தீவு, மறுக்கவில்லை. ஆனால் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் தீவில், கப்பல் கரையில். நீலக் குகை என்று பிரபலமான இடத்துக்குள் அலை கொஞ்சம் உயர்ந்தாலே விடமாட்டார்கள், வாசல் அவ்வளவு தாழ்வு. தெளிவான கோடை நாள், காலையிலேயே போய் மதியம் திரும்பிவிடுவோம் என்றால் சரி. மற்றபடி இதற்கும் கப்பல் டூர்தான் பத்திரம்.

வெசுவியஸ் மலை மேலே ஏறலாமா?

சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை வண்டி போகும், அதற்கு மேல் அரை மணி நேரம் சரளை மண்ணில் ஏற்றம். டிக்கெட் நேரம் போட்டு ஆன்லைனில்தான், மோசமான வானிலையில் மூடிவிடுவார்கள். கடைசியாக 1944இல் வெடித்தது, இப்போது எரிமலை வாயிலிருந்து லேசாக ஆவி வரும், குழம்பு கொதிப்பதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஹெர்குலேனியத்தோடு சேர்த்துச் செய்யலாம். பொம்பெயோடு சேர்த்தால் கால் கெஞ்சும்.

அப்பாவுக்கு முட்டி வலி, பொம்பெய் முடியுமா?

அந்தக் கல் ரோடு முட்டிக்கு எதிரி, சொல்லிவிடுகிறேன். ஆனால் பியாஸா ஆம்பிதேயாத்ரோ வாசலிலிருந்து தொடங்கி, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும்படி மூன்று கிலோமீட்டருக்கு மேல் சமன் செய்த பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். கைடிடம் அந்த வழியாகவே கூட்டிப் போகச் சொல்லுங்கள், டிரைவரிடம் அந்த வாசலில் இறக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறைவு, காலை ஒன்பதுக்கே உள்ளே இருந்தால் பதினொன்றுக்குக் கிளம்பிவிடலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நேபிள்ஸில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை, பீட்சா பிறந்த ஊர். மார்கெரிதாவில் தக்காளி, சீஸ், துளசி ஜாதி இலை. மரினாராவில் சீஸும் கிடையாது, தக்காளியும் பூண்டும் ஓரெகானோவும்தான், பால் பொருள் வேண்டாதவர்களுக்கு அது. கத்தரிக்காயை அடுக்கி வேகவைத்த பர்மிஜானா, ஃப்ரியாரியெல்லி என்ற கசப்புக் கீரை வதக்கல், இரண்டையும் விடாதீர்கள், கீரையைத் தனியாகக் கேளுங்கள், அதைத் தொத்திறைச்சியோடு சேர்த்துக் கொடுப்பது அங்கே வழக்கம்.

கண்டிப்பான சைவர்கள் கவனிக்க: அங்கே பன்றிக் கொழுப்பு மாவுப் பண்டங்களில் ஒளிந்திருக்கும். மிளகு போட்ட தராலி என்ற முறுக்கு மாதிரியான பண்டத்திலும், ஸ்போலியாதெல்லா என்ற இனிப்பிலும் பாரம்பரியமாக அதுதான் போடுவார்கள். பர்மேசன் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்கிறது. கேட்டால் சொல்வார்கள். பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்கு ஓரிரு யூரோ போட்டிருந்தால் அது உட்கார்ந்ததற்கான கட்டணம், தவறு இல்லை. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

விசா, பாஸ்போர்ட்?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், பிரிட்டனில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அதே கதைதான். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். கப்பல் நடுவில் துருக்கியின் குஷாடசி, துனிசியா, மாண்டினிக்ரோவின் கொட்டோர் மாதிரி ஷெங்கனுக்கு வெளியே போய்த் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பல முறை நுழையும் விசா இருக்க வேண்டும்.

சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்போது போட்டோ பக்கம், விசா பக்கம் இரண்டின் நகலையும் வேறொரு போட்டோ அடையாள அட்டையையும் கொண்டு போங்கள், பொம்பெய் டிக்கெட்டுக்கும் உதவும்.

மதியமே நேபிள்ஸ் திரும்பிவிட்டால் மிச்ச நேரத்தில் என்ன செய்வது?

இதைத்தான் நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறேன், யாரும் கேட்பதில்லை. நேபிள்ஸ் அழுக்கு, ஆபத்து என்று சொல்லியே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். ஸ்பாக்கனாபோலி என்று பழைய ஊரை நேர்கோடாகக் கிழித்துக்கொண்டு போகும் சந்து, மேலே துணி காயும், கீழே ஸ்கூட்டர் உரசிக்கொண்டு போகும், நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே ஒரு அந்நியமும் தெரியாது. சான்செவெரோ சிறு கோயிலில் 1753இல் சான்மார்ட்டினோ செதுக்கிய, மெல்லிய துணி போர்த்திய கிறிஸ்துவின் சிலை இருக்கிறது, துணியும் பளிங்குதான் என்று நம்ப நேரமாகும். முன்பதிவு அவசியம், செவ்வாய் விடுமுறை.

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகமும் செவ்வாய் விடுமுறை, உங்கள் கப்பல் வரும் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முனிசிபியோவிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம். பொம்பெயில் எடுத்த நல்ல ஓவியங்களும் தரைச் சித்திரங்களும் இங்கேதான் இருக்கின்றன. நமக்குப் பார்க்க இன்னொன்றும் உண்டு. 1938இல் பொம்பெயின் ஒரு வீட்டில் கிடைத்த, சுமார் 25 சென்டிமீட்டர் உயரத் தந்தப் பெண் சிலை, இந்தியாவில் செய்தது. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சி என்பாரும் உண்டு. எரிமலை வெடித்த நாளுக்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சிற்றின்பச் சித்திரங்கள் உள்ள ‘ரகசிய அறை’யில் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து வரும் சரக்கு எகிப்து வழியாக இறங்கிய பெரிய துறைமுகம் நேபிள்ஸுக்கு மேற்கே இருக்கும் பொசுவோலி. முசிறியைப் பற்றி எழுதி, மிளகுக்கும் மற்றதற்கும் ரோமானியப் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, இதே வளைகுடாவில் கடற்படைத் தலைவராக இருந்து, இதே வெசுவியஸ் வெடித்தபோதுதான் இறந்தார். மிளகுப் பக்கத்திலிருந்து வருகிற நமக்கு அந்த ஊரில் ஒரு சின்ன உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடக்கலாம்.

மற்ற துறைமுகங்களுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. ரோம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். ஃபிளாரன்ஸ் என்றால் லிவோர்னோவில், அது சுமார் 90. அங்கே போக்குவரத்துக்கே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், லிவோர்னோவில் நின்றால் பீசாவும் லூக்காவும் பக்கம் என்பதையும் யோசியுங்கள்.

கிரேக்கத் தீவான சாண்டோரினி முற்றிலும் வேறு ரகம், கப்பல் நடுக்கடலில் நிற்கும், சின்னப் படகில் கரைக்குக் கொண்டு விடுவார்கள், கப்பல் டூர் வாங்கியவர்களுக்குத்தான் முதல் படகு. தனியாகப் போகிறவர்கள் பழைய துறைமுகத்தில் இறங்கி மேலே இருக்கும் ஃபிரா ஊருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும், கார்க்காரரை மேலே நிற்கச் சொல்லுங்கள், முதல் படகில் வந்துவிடுவோம் என்று நேரம் கொடுக்காதீர்கள். மூன்று நான்கு கப்பல் ஒரே நாளில் நின்றால் சாயங்காலம் கீழே இறங்கும் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும், கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வரிசைக்கு வந்துவிடுங்கள். அப்படியும் முடியாது போலிருந்தால் படி வழியாக இறங்கலாம், சுமார் 600 படி, கழுதைகளும் அதே வழியில்தான் போகின்றன, காலடியைப் பார்த்து வையுங்கள்.